தனித் தட்டு

புதுச்சேரி உப்பளம் பகுதியில் வாடகைக்கு எடுத்திருந்த அந்தச் சின்ன அரங்கில், ஸ்பீக்கர்கள் சரியாக இருக்கின்றனவா என்று இஷ்ரத் மறுபடியும் சோதித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் காது மந்தமான கிழவர் வந்து உட்கார்ந்தாலும் ஒரு சொல் தப்பக்கூடாது. வாசலில் விருந்தினர்களை வரவேற்றுக்கொண்டிருந்த மத்தியோ, நடுவே உள்ளே வந்து எட்டிப் பார்த்தான்.

“சவுண்டு ஓகேவா இஷ்ரத்?”

“நல்லா கேக்கும். நீயே அசந்துடுவ.”

சிரித்துவிட்டுப் போனான். சிரிக்கட்டும், படம் தொடங்கும்வரைக்கும்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

இருவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. பிரான்சில் குடியேறிய புதுச்சேரிக் குடும்பங்களைப் பற்றி ஆவணப்படம் எடுப்பது என்பது கடைசி வருடத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. மத்தியோ வீட்டில் எல்லோரும் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள். பிரான்சில் அவனுக்கு ஊருக்கு ஒரு அத்தை, தெருவுக்கு ஒரு சித்தப்பா. பிரெஞ்சு அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. இஷ்ரத்துக்கு ‘மெர்சி’யைத் தாண்டி ஒன்றும் தெரியாது. ஒரு பையனோடு அவ்வளவு தூரமா என்று சொந்தக்காரர்கள் குதித்தபோது, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே அவள் அம்மா ஜரினா, “எம் பொண்ணு படிக்கப் போவுது” என்று சொல்லி எல்லோர் வாயையும் அடைத்துவிட்டாள்.

போனார்கள். ஊர் ஊராக ரயிலில் அலைந்தார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நுழைவதற்கு முன்பே இஷ்ரத் மத்தியோவின் சட்டைக் காலரில் சின்ன மைக்கை மாட்டிவிடுவாள். ஹெட்போனும் பெட்டிகளுமாக அவள் பின்னால் நடப்பாள். கதவு திறந்ததும் அவன் பிரெஞ்சில் ஏதோ இரண்டு வார்த்தை சொல்வான். வீட்டுக்காரர்கள் அவளை இரக்கமாகப் பார்ப்பார்கள். அப்புறம் சாப்பாட்டு நேரத்தில் அவனுக்கு மேஜையில் இடம், அவளுக்குச் சமையலறையில் தனித் தட்டு.

அதை அவள் என்னவென்று எடுத்துக்கொண்டாள் என்பதுதான் வயிற்றெரிச்சல். ஹலால் பார்த்துத்தான் தனியாக வைக்கிறார்கள் என்று நினைத்தாள். மேஜையில் பன்றிக்கறியும் ஒயினும் இருக்கும், பெண் சங்கடப்படக் கூடாதே என்று மத்தியோ முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்திருக்கிறான், எவ்வளவு நாகரிகம் என்று நெகிழ்ந்துபோனாள். அவனுடைய மார்கரீத் அத்தை, கிளம்பும் நேரத்தில் பழைய ஸ்வெட்டர் ஒன்றைக் கையில் திணித்தபோது கண்கூடக் கலங்கிற்று. ரயிலில் மத்தியோவிடம் நன்றி சொன்னாள். “அதெல்லாம் என்னா இருக்கு” என்று அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஊருக்குத் திரும்பி, வசன வரிகள் போடுவதற்காகப் பதிவானதையெல்லாம் கணினியில் கொடுத்துத் தமிழாக்கிப் பார்த்தபோதுதான் அந்த இரண்டு வார்த்தை என்னவென்று தெரிந்தது. “எங்க வீட்டு வேலைக்காரம்மா பொண்ணு. பெட்டி தூக்கக் கூட்டிட்டு வந்தேன். சமையலறையிலேயே சாப்பிட்டுக்கும்.” எல்லா வீட்டிலும் அதையேதான் சொல்லியிருந்தான். காலரில் மைக் இருப்பதை அவன் மறந்துபோயிருந்தான். மார்கரீத் அத்தை வீட்டு வாசலில் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தியிருந்தான். குரல் இறங்குகிறதே என்று, அர்த்தம் தெரியாமல், ஒலியளவைக் கூட்டித் துல்லியமாகப் பதிவு செய்தவள் இஷ்ரத்தேதான்.

ஏன் சொன்னான் என்பதும் அவளுக்குப் புரியாமல் இல்லை. கூட வந்திருக்கும் முஸ்லிம் பெண் யார் என்று அத்தைகள் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். வேலைக்காரி மகள் என்றால் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். புரிந்ததால் ஆத்திரம் கூடியதே தவிர ஆறவில்லை. வேலைக்காரி மகளாகவே இருந்தாலும் மேஜையில் ஒரு நாற்காலி போட முடியாதா? கேட்டுச் சண்டை போட்டிருக்கலாம். மன்னிப்புக் கேட்பான், காபி வாங்கித் தருவான், அதோடு முடிந்துபோகும். அப்படி முடிய அவள் விடுவதாயில்லை. அவனுடைய சொந்தபந்தமும் வாத்தியார்களும் கூடியிருக்கும் இடத்தில், எல்லோரும் அதை அவன் வாயாலேயே கேட்கவேண்டும்.

படம் கறுப்புத் திரையில் கடல் சத்தத்தோடு தொடங்கவேண்டும் என்பது மத்தியோவின் ஆசை. இன்று காலையில் அவள் கடலை எடுத்துவிட்டு அவன் குரலை வைத்தாள். கீழே தமிழில் வரிகள். அது முடிந்ததும் திரையில் ஒரே ஒரு எழுத்து அட்டை: ‘ஒலிப்பதிவு: இஷ்ரத், தையல்காரி ஜரினாவின் மகள்.’

அந்த ஜரினாவே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நிற்பாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

“நீ ஏம்மா வந்த? வரவேணாம்னு சொன்னேன்ல?”

“மத்தியோ தம்பி போன் பண்ணி கூப்ட்டுச்சிடி. ஆன்ட்டி நீங்க இல்லாமலானுச்சி. மரியாத தெரிஞ்ச புள்ள.”

பதில் சொல்வதற்குள் பிரான்சிலிருந்து லீவுக்கு வந்திருந்த மார்கரீத் அத்தை இஷ்ரத்தை அடையாளம் கண்டுகொண்டு வந்துவிட்டாள். “நல்லாருக்கியா பொண்ணே? இது ஒங்கம்மாவா?” என்றாள். ஜரினா கும்பிட்டாள். அத்தை தன் கைப்பையையும் சால்வையையும் அவள் கையில் வைத்தாள். “இத புடிச்சிக்கோம்மா. நான் போயி நாலு பேர பாத்துட்டு வரேன்.”

ஜரினாவின் முகம் பூரித்துப்போயிற்று. “எவ்ளோ பாசம் பாருடி. முன்னபின்ன தெரியாதவகிட்ட பைய நம்பி குடுத்துட்டுப் போறாங்க.”

இஷ்ரத்துக்குப் பையைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. அதற்குள் மத்தியோ ஓடிவந்து, “வாங்க ஆன்ட்டி, முன்னாடி வாங்க” என்று ஜரினாவை முதல் வரிசைக்கு அழைத்துப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் மார்கரீத் அத்தை போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பையை வாங்கிக்கொள்ளவில்லை.

திரை ஓரத்தில் கணினி முன்னால் இஷ்ரத் உட்கார்ந்ததும் விளக்கு அணைந்தது. கடல் சத்தத்தோடு தொடங்கும் பழைய பிரதியும் அதில் இருந்தது, நினைத்தால் இப்போதுகூட மாற்றலாம். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். மெதுவாக, உதடு அசைய, ஒரு வரி விடாமல் படிப்பாள். இஷ்ரத் அந்தப் பையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினாள்.

கறுப்புத் திரையில் மத்தியோவின் குரல் மணி மாதிரி ஒலித்தது. கீழே வெள்ளை எழுத்துகள் வந்தன. யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள். அட்டை வந்தது. மத்தியோ சுவரோரமாக எழுந்து நின்றான். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பி இருட்டில் அவளைத் தேடின.

ஜரினா திரும்பவில்லை. திரை வெளிச்சத்தில் அவள் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. மார்கரீத் அத்தை அவள் பக்கம் குனிந்து ஏதோ சொல்லி, பைக்காகக் கையை நீட்டினாள். ஜரினா கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பையை மடியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, திரையில் இருந்த தன் பெயரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.