முந்திக் கேட்ட பாங்கு

வெறும் வயிறு மஸீனா மதினிக்கு விஷம். கண்டியில் ஒரு டொக்டர் அவளுடைய தொடையில் சின்னத் தசைத் துண்டை வெட்டிச் சோதித்துவிட்டு, எங்களுக்குப் புரிகிற மாதிரித்தான் சொன்னார். தசையின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் அடுப்பு மாதிரி ஒன்று எரிய வேண்டுமாம். மைட்டோகொண்ட்ரியா என்று பெயர். மதினிக்கு அது பிறவியிலேயே மந்தம். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், மருந்துக் குளிசை தவறக் கூடாது, தசை வலித்தால் கைவேலையைப் போட்டுவிட்டு உட்கார வேண்டும். நோன்பு கூடவே கூடாது. சிறுநீர் கறுத்தால் தசை கரைகிறது என்று அர்த்தம், கிட்னி அடைத்துவிடும், உடனே ஓடி வாருங்கள் என்றார்.

இத்தனையும் தெரிந்தவள்தான் அந்த ரமழானில் அன்று நோன்பு பிடித்திருந்தாள். என் கூடப்பிறந்த நானா யாகூப், அவள் புருஷன், கருவாடு ஏற்ற லொறியோடு திருகோணமலைக்குப் போயிருந்தார். அந்த ரோட்டில் குண்டு வெடித்து, ஆமி பாதையை மூடிவிட்டது. அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவர் வரும்வரை நோன்பிருப்பதாக எனக்குத் தெரியாமல் நேர்ந்துகொண்டிருக்கிறாள். தெரிந்திருந்தால் காலையிலேயே கஞ்சியை வாயில் ஊற்றியிருப்பேன். மாத்தளையில் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் என் குணம் தெரியும்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவள் வீட்டுக்குப் போனபோது கட்டிலில் கிடந்தாள். இமைகள் இரண்டும் விழுந்து கண்ணை மூடியிருந்தன. விரலால் தூக்கிப் பிடித்தால்தான் பார்க்க முடியும், அதற்கும் கையில் தெம்பில்லை. தாங்கிப் பிடித்துக் கக்கூசுக்குக் கூட்டிப் போனேன். சிறுநீர் கோப்பித் தண்ணீர் மாதிரிப் போனது. அவளைக் கிடத்திவிட்டுச் சீனி கரைத்துக்கொண்டு வந்தேன்.

"மதினி, இந்தச் சீனித் தண்ணியக் குடிங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஏலாது. அங்க சேலைன் ஏத்துவாங்க. நோன்பு முறிஞ்சிரும்."

"நோயாளிக்கு நோன்பு கடமையில்லைன்னு அல்லாஹ்வே சொல்லியிருக்கானே!"

"பாங்கு சொல்லட்டும், குடிக்கிறேன்."

வாயை இறுக்கிக்கொண்டாள். உடம்பில் தெம்பிருந்த ஒரே இடம் அதுதான். நோன்பு திறக்கும் மஹ்ரிப் பாங்குக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. வெளியே மழை இருட்டு. அவளால் மணிக்கூட்டையும் பார்க்க முடியாது, வானத்தையும் பார்க்க முடியாது. காதுதான் மிச்சம். அது மூளையில் பட்டதும் வாசலுக்கு ஓடினேன்.

என் புருஷன் ஸக்கரியா த்ரீவீலரோடு வந்து நின்றிருந்தார்.

"பின்பக்கம் போய்ப் பாங்கு சொல்லுங்க."

"ஒனக்குப் பைத்தியமா றாபியா? நேரமாகல்ல. பொய்ப் பாங்கு சொல்லச் சொல்றியா?"

"பாங்குல எந்த வார்த்த பொய்? அல்லாஹ் பெரியவன்றது இப்ப மட்டும் உண்மையில்லையா? அங்க அவ செத்துக்கிட்டிருக்கா!"

அந்த மனுஷன் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கிணற்றடிக்குப் போய்க் காதில் கை வைத்தார். முதல் வரியில் குரல் நடுங்கியது. நான் கிளாஸும் கரண்டியுமாகக் கட்டிலருகே போய் நின்றேன்.

மதினி கொஞ்ச நேரம் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள். கரண்டி கரண்டியாக ஊட்டினேன். மெல்ல விழுங்கினாள்.

அவளைத் தூக்கி த்ரீவீலரில் ஏற்றும்போது பக்கத்து வீட்டு ஸுலைஹா ராத்தா கையில் கடித்த பேரீச்சம்பழத்தோடு ஓடி வந்தாள். "யாரு பாங்கு சொன்ன? ரேடியோல இன்னும் சொல்லல்லியே! என்ட நோன்பு போச்சே!"

"இன்னொரு நாள் புடிச்சுக் களா செஞ்சுக்கங்க ராத்தா," என்று கத்திவிட்டு ஏறினேன்.

பாதி வழியில் பள்ளியிலிருந்து உண்மையான பாங்கு கேட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் மடியில் தலை வைத்திருந்த மதினி மெதுவாகப் பேசினாள்.

"முந்திச் சொன்னது ஸக்கரியா தம்பிதானே."

"தெரிஞ்சுதான் குடிச்சீங்களா?"

"எனக்கும் சாகப் பயமா ஈக்கு. ஆனா நானே நோன்பத் திறந்து, அவரு வராமப் போனா..." மூச்சு வாங்கினாள். "இப்ப குத்தம் ஒன் மேலதானே, றாபியா?"

எதற்கும் எதிர்ப்பேச்சு பேசுகிற எனக்கு அழுகைதான் வந்தது.

"என் மேலதான் மதினி," என்றேன். "நானா வராட்டி என்னையே கேளுங்க."