மூன்றாவது தடவை

இரண்டாவது தடவை கழுவி முடித்து ஆய்வகக் கருவியிலிருந்து டியூபை வெளியே எடுக்கும்போது அண்ணியின் போன் வந்தது.

"எங்க இருக்க? உங்கண்ணனுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. சாயந்திரம் வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கண்ணைத் தொறந்தா உன்னைத்தான் கேக்குறாரு."

"இதோ வந்துடறேன் அண்ணி. அளந்துட்டு ஓடி வரேன்."

தங்கைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணனுக்கும் அவளுக்கும் ஒரே ஆய்வகத்தில்தான் வேலை. அவன் ஆராய்ச்சியாளன், அவள் கருவிகளைப் பார்த்துக்கொள்பவள். கொழுப்புச் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம், நின்ற இடத்திலேயே சுழல எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளப்பதற்காக ஆறு வருடம் மாரடித்தவன் அவன். அங்கே அவனுக்கு 'ராட்டினம்' என்றே பெயர். "அது சுத்துதோ இல்லையோ, குடும்பமே உங்க பின்னாடி சுத்துது" என்பாள் அண்ணி.

படுக்கையில் விழுந்த பிறகும் விடவில்லை. புது முறை ஒன்றை எழுதிக் கொடுத்தான். மிச்சமிருந்த புரதமோ ஒரே ஒரு சொட்டு. அதில் சிவப்புச் சாயம் ஏற்றி, ஒட்டாத சாயம் போகும்வரை கழுவ வேண்டும். தடவைக்கு ஒரு மணி நேரம். 'மூணு தடவை. ரெண்டரை இல்ல' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான் மனுஷன்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னொரு மணி நேரத்தில் அவன் போய்விட்டால்? அளவு என்னவென்று தெரியாமலே போய்விட்டால்? மூன்றாவதை விட்டுவிட்டாள்.

லேசர் சொடுக்கியது. சாயம் மினுங்கியது. புரதம் சுழலச் சுழல அந்த ஒளி தன் திசையை மெல்ல இழக்க வேண்டும், திரையில் கோடு சரிவாக இறங்க வேண்டும். இறங்கவில்லை. எடுத்த எடுப்பில் பொத்தென்று விழுந்தது. அத்தனை வேகமாகச் சுழல்வது புரதமே இல்லை, கழுவாமல் விட்ட உதிரிச் சாயம். லேசர் பட்டுச் சாயம் வெளுத்த சொட்டு இனி எதற்கும் உதவாது.

"அடிப் பாவி!" என்று தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள். ஆறு வருட உழைப்பை ஒரு மணி நேரத்துக்காகப் பாழாக்கியிருந்தாள். அழக்கூட நேரமில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஒரே யோசனை. என்னவென்று சொல்வது? கெடுத்துவிட்டேன் என்றா? சாகக் கிடப்பவனிடமா?

அண்ணன் கண்ணைத் திறந்தான். இரண்டே நாளில் முகம் பாதியாகியிருந்தது.

"எவ்வளவு... குட்டி?"

"இருபது மைக்ரோசெகண்ட்ணா."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முழு எண்ணை அவன் நம்பியதே இல்லை. 'நிஜமா அளந்ததுக்கு வால் இருக்கும்' என்று ஆய்வகத்தில் எல்லாரையும் ஓட்டுவான்.

"இருபது புள்ளி மூணு" என்றாள் அவசரமாக.

"மூணு தடவை... கழுவினியா?"

"கழுவினேண்ணா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டான். விரல் நுனியெல்லாம் சாயக் கறை. கட்டை விரலால் அதை லேசாகத் தேய்த்துப் பார்த்தான்.

"நல்லது" என்றான்.

அதற்குள் நர்ஸ் வந்து ஏதோ மருந்து வாங்கிவரச் சொன்னாள். கீழே வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு அவள் படியேறி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அண்ணியின் அழுகை நடைவழியிலேயே கேட்டது.

வெகுநேரம் கழித்து, அழுது ஓய்ந்த அண்ணி அவள் தோளைத் தொட்டாள்.

"நீ கீழ போனதும் ஒண்ணு சொன்னாரும்மா. 'அந்த நம்பரை நோட்டுல எழுத வேணாம்னு சொல்லு. குட்டியை யாரும் திட்டக் கூடாது'ன்னாரு. என்னம்மா அது? எனக்கு ஒண்ணும் புரியல."

தங்கை எழுந்துபோய் அறை மூலையிலிருந்த குழாயைத் திறந்தாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். விரல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினாள். அண்ணி கூப்பிடுவது காதில் விழுந்தது. அவள் மூன்றாவது தடவையாகக் குழாயைத் திறந்தாள்.