துவைத்த துணியா, எலுமிச்சையா

கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை, வருகிறவர்கள் முகத்தில் ஃபிரேமை மாட்டிக் காதோரம் வளைத்துச் சரிசெய்வது. அந்நியர் முகத்துக்கு அத்தனை கிட்டத்தில் போகிற வேலை. ஒருநாள் முதலாளியம்மா அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. ரெண்டு மூணு பேர் சொல்லிட்டாங்க. வேர்வை எல்லாருக்கும் உள்ளதுதான். கொஞ்சம் சென்ட் கிண்ட் போட்டுக்கிட்டு வாயேன்."

அவளுக்குக் காது மடல் சுட்டது. இரண்டு வேளையும் தேய்த்துக் குளிக்கிறவள் அவள். வெளியே வந்து தன் தோளை முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

சாயங்காலம் புருஷனைக் கடைத்தெருவுக்கு வரச் சொன்னாள். லிஃப்ட் பழுது பார்க்கிறவன்; கை கிரீஸைத் துடைத்துக்கொண்டே வந்தான். நடந்ததை அவனிடம் சொல்லவில்லை. "தினம் போட்டுக்க சென்ட் ஒண்ணு வாங்கலாம்னு" என்றாள்.

விலை கட்டுப்படியாகிற மாதிரி, நெடியடிக்காததாகக் கேட்டாள். விற்கிற பெண் இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்று, துவைத்து வெயிலில் காயப்போட்ட துணி மாதிரி. இன்னொன்று எலுமிச்சை. மணிக்கட்டுக்கு ஒன்றாகத் தடவிப் பார்த்தாள். துணி வாசனைதான் பிடித்தது.

"இது லேசா, நல்லா இருக்குல்ல?"

"லேசா இருந்தா பத்தாது. எலுமிச்சையை எடு. அதுதான் அமுக்கும்."

"எதை அமுக்கும்?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். விற்கிற பெண் நைசாக அடுத்த அலமாரிக்கு நகர்ந்தாள்.

"அப்ப உங்களுக்கும் தெரியும்" என்றாள். "முதுகு வலின்னு கூடத்துல போய்ப் படுத்தீங்களே, இதுக்குத்தானா?"

"வலியும் இருக்கு."

அந்த 'உம்' அவளுக்குப் போதுமாக இருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? நீ பாவம், குளிச்சிட்டுத்தானே வந்து படுக்கறே."

எலுமிச்சையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள்.

டாக்டரையும் பார்த்தாள். "சில பேர் உடம்பு வாகே அப்படிம்மா. குறைக்கலாம், முழுசாப் போகாது" என்றார் அவர். எதையெதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அதையெல்லாம் சாப்பிடுவதை விட்டாள். காலையில் எலுமிச்சையைக் கழுத்திலும் கையிலும் அடித்துக்கொண்டு போனாள்.

ஒரு டீச்சர் புதுக் கண்ணாடிக்காக வந்து உட்கார்ந்தாள். இவள் குனிந்து காதோரம் வளைக்க ஆரம்பித்ததும் டீச்சர் மூச்சை அடக்கிக்கொண்டாள். முடிவதற்குள் முகம் சிவந்துவிட்டது. "நல்லா இருக்குங்க, போதும்" என்று எழுந்துகொண்டாள். கண்ணாடி ஒரு பக்கம் சரிந்துதான் இருந்தது.

இவள் நேரே முதலாளியம்மாவிடம் போனாள். "நான் உள்ள லென்ஸ் தேய்க்கற வேலைக்குப் போயிடறேம்மா."

"உனக்கு அதுதான் வசதின்னா சரிம்மா" என்றாள் முதலாளியம்மா. ஏன் என்று கேட்கவில்லை.

உள்ளறையில் ஜன்னல் கிடையாது. லென்ஸ் தேய்க்கிறவர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து ஸ்டூலிலிருந்த டப்பாவை எடுத்து இடம் கொடுத்தார். பிறகு, கழுத்தில் தொங்கிய மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்து விட்டுக்கொண்டார்.

"தூசிம்மா" என்றார், அவள் கேட்காமலே.

மெஷினை அவர் இன்னும் போடவில்லை.