கேனில் எழுதிய நம்பர்

புது ரவுட்டரில் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்ததும் ஹெலன் கையைத் தட்டியே விட்டாள். காலை மணி எட்டேகால்.

"பாத்தியா யக்கா! கம்பெனிக்காரன் குடுத்த டப்பாவைத் தூக்கிப் போடுன்னு எத்தன தடவ சொன்னேன்?" என்றான் தம்பி கிளாட்சன். ராமநாதபுரத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். அதைக் கொண்டுவந்து மாட்டியவனும் அவன்தான்.

ஹெலன் பாம்பனில் கருவாட்டை வீடியோவில் காட்டி விற்பவள். பழைய ரவுட்டரில் படம் பாதியில் உறைந்துபோய், நெத்திலி விலை கேட்ட மதுரைப் பெண்கள் பலர் கழன்றுகொண்டிருந்தார்கள். இனி அந்தத் தொல்லை இல்லை.

பழைய ரவுட்டரின் முதுகிலிருந்து ஒரு வயர் மட்டும் தொங்கியது. அதன் மறுமுனையில் வீட்டு லேண்ட்லைன் போன்.

"இத எங்கன சொருக?"

"புதுசுல அதுக்கு ஓட்டையே இல்லக்கா. லோன் வேணுமான்னு கேக்குற பிள்ளையத் தவிர அதுல யாரு கூப்புடுறா? அவகூடப் பேச முடியலன்னு மச்சான் அழுதா சொல்லு, வேற வாங்கித் தாரேன்."

"ஏலே, செருப்பு பிஞ்சிரும்!" சிரித்துக்கொண்டே பழைய ரவுட்டரைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

அந்தச் சிரிப்பு பத்து மணி வரைக்கும்தான்.

நேற்று மாலை தனியாக வள்ளத்தில் வலை விடப் போன கணவன் இமானுவேல் இன்று காலை ஒன்பதுக்கெல்லாம் கரையேறியிருக்க வேண்டும். விடியற்காலையில் காற்று ஒரேயடியாக எழும்பியிருந்தது. செல்போனை அவன் கடலுக்கு எடுத்துப்போவதில்லை. ஏற்கெனவே இரண்டைத் தண்ணீருக்குக் கொடுத்தவன்.

படகுக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் சேதி போட்டாள். புது ரவுட்டரில் அது பறந்தது. பாம்பனிலிருந்து எட்டுப் படகுகள் தேடக் கிளம்பின. எந்தப் பக்கம் தேடுவது என்றுதான் எவருக்கும் தெரியவில்லை.

மூன்று மணிக்கு வாசலில் பைக் நின்றது. வந்தவர் மண்டபத்துப் படகுக்காரர் இஃப்திகார். கையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கேன்.

வலை மிதக்கக் கட்டும் கேன். அதில் சிவப்புப் பெயிண்டில் வீட்டு லேண்ட்லைன் நம்பர். ஆஃபருக்கு ஆஃபர் செல் நம்பர் மாறும், இது மாறாது என்று ஒவ்வொரு கேனிலும் இமானுவேல் எழுதியபோது பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தவளே ஹெலன்தான்.

"ஒம்பதரைக்கு முசல்தீவுப் பக்கம் கெடச்சுச்சு தங்கச்சி. அங்கனயே நின்னு நாலு தடவ அடிச்சேன். மணியே போகல. ஏதோ பழைய கேனுன்னு எடுத்துப் போட்டுட்டு மீனப் பாக்கப் போயிட்டேன். கரைக்கு வந்து ஒங்க சேதியக் கேட்டதும் கேனத் தூக்கிட்டு ஓடியாந்தேன்." கயிற்று நுனியைத் திருப்பிக் காட்டினார். "இது தானா அறுந்ததில்ல, கத்தியால வெட்டுனது. வள்ளம் கவுந்து, புடிச்சு மிதக்கக் கேனுகள வெட்டியிருக்காரு. ஒண்ணு நழுவி வந்துருக்கு. ஆளு கடல்லன்னு போன்ல ஒரு வார்த்த கேட்டிருந்தா அங்கனயே சுத்தித் தேடியிருப்பேம்மா."

ஹெலன் உள்ளே ஓடினாள். புது ரவுட்டரிலிருந்து கேபிளைப் பிடுங்கினாள். கட்டிலுக்கடியிலிருந்து பழையதை இழுத்து மாட்டினாள். சிவப்பு. சிவப்பு. பச்சை. ரிசீவரில் 'கொர்ர்' என்று உயிர் வந்தது.

"யக்கா, நான் வேணும்னு..." கிளாட்சன் பக்கத்தில் வந்தான்.

"பேசாத."

போனை மடியில் வைத்து உட்கார்ந்தாள். இஃப்திகார் சொன்ன திசைக்குப் படகுகள் திரும்பியிருந்தன. ஐந்தடித்துப் பத்து நிமிடத்தில் மணி அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பெரியபட்டணம் கரையிலேர்ந்து பேசுறோம். இங்கன மூணு கேனு ஒதுங்கியிருக்கு. அதுல இந்த நம்பரு..."

"கேனோட ஆளு இருக்காரா? ஆளு?"

அந்தப் பக்கம் அலை இரைந்தது. யாரோ யாரிடமோ ஏதோ கேட்டார்கள். பிறகு அந்தக் குரல் தணிந்து வந்தது.

"வீட்டுல ஆம்பளைக யாராச்சும் இருந்தா அவுககிட்டக் குடுங்கம்மா."

ஹெலன் ரிசீவரைத் தம்பியிடம் நீட்டினாள்.