களவெட்டியில் இறங்கிய மாப்பிள்ளை

எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசி முடித்தால், நிக்காஹ் நடக்கும்வரை மாப்பிள்ளை பெண் வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது. நான் தலைகாட்டவில்லை. வானத்திலிருந்து முழு உடம்போடு இறங்கினேன்.

எண்பத்திரண்டாம் வருசம். வயலுக்கு மருந்தடிக்கும் ஒரு கொழும்புக் கொம்பனியில் நான் ஹெலிகொப்டர் மெக்கானிக். கொம்பனி அப்போதுதான் ஒரு புது மொடல் ஹெலியை வாங்கியிருந்தது. அதன் கியர் பெட்டிக்குள் ஒரு காந்தம். எண்ணெயில் இரும்புத் தூள் வந்து காந்தத்தில் ஒட்டினால், ஓட்டுபவருக்கு முன்னால் சிவப்பு லைட் எரியும். எரிந்தால் இறங்கிப் பார்க்க வேண்டும். புதுப் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று பழகும்வரை கொஞ்சம் தூள் கொட்டும்தான். இது கொஞ்சமாகக் கொட்டவில்லை. அதுவும் எண்ணெய் நன்றாகச் சூடேறுகிற நேரம் பார்த்து ஓட்டுபவரும் கூடப் போகிற நானும் நற்பிட்டிமுனை வயல்களுக்கு மேலே இருப்போம். சுற்றிவரத் தண்ணீர். காய்ந்த மேடென்று கண்ணில் படுவது அந்த வயல்களின் சொந்தக்காரர் கச்சிமுகம்மது போடியார் நெல் சூடடிக்கிற களவெட்டி ஒன்றுதான். வேலிக்கு அங்கால் அவர் வீடு. வீட்டுக்குள் அவர் மகள் முனவ்வறா, எனக்குப் பேசியிருந்த பெண்.

இரண்டாம் தரம் இறங்கியபோது போடியார் குடையோடு வந்தார்.

"தம்பி மசூர், மத்தப் பொடியன்மார் வேலியடியில சைக்கிள் பெல்லத்தான் அடிப்பானுகள். நீ கொம்பனிர ஹெலியையே கொண்டுவந்து இறக்கிறாய்."

"லைட் எரிஞ்சது மாமா. இஞ்ச பாருங்க." காந்தத்தைக் கழற்றிக் காட்டினேன். கண்ணுக்கிடுகிற சுறுமா போலக் கறுப்புத் தூள்.

"இதுக்கா இறங்கின? ஊர் சிரிக்குது மகன். இனி ஒருக்கா இஞ்ச இறங்கினா இந்தச் சம்மந்தம் வேணாம்."

அவர் போனதும் வேலிக்கு மேலால் ஒரு கை தண்ணீர்ச் செம்பை நீட்டியது. மாமி சல்மா உம்மாவின் கை இல்லை. மாமியின் கையில் இத்தனை கண்ணாடி வளையல் கிடக்காது.

கொழும்புக்கு அறிவித்தோம். 'வெறும் தூள், துடைத்துவிட்டுப் பறக்கவும்' என்று பதில் வந்தது. துடைத்தேன், பறந்தோம். அடுத்த கிழமை அதே இடத்துக்கு மேலே லைட் மறுபடி எரிந்தது.

ஹெலியை ஓட்டுகிற கப்டன் குணம் என்னைப் பார்த்தார். போடியார் சொன்னது அவருக்கும் தெரியும். "தூள்தானெண்டு சொல்லு மசூர். நேர அம்பாறைக்கு விடுறன், அங்க துடைப்பம்."

கீழே களவெட்டி தெரிந்தது. 'தூள்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். குணத்துக்கு மட்டக்களப்பில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

"இறக்குங்க கப்டன்."

போடியார் இந்த முறை குடையை மறந்து வந்திருந்தார். நான் அவர் முகத்தைப் பாராமல் காந்தத்தைக் கழற்றினேன். தூளுக்கு நடுவே நகத்தளவில் ஓர் இரும்புத் துண்டு. பல்சக்கரத்தின் பல்லே உடைந்து வந்திருந்தது.

போடியார் துண்டை உள்ளங்கையில் வாங்கினார்.

"இன்னும் கொஞ்சத் தூரம் போயிருந்தா?"

"மேல சுத்துறது நிண்டிருக்கும், மாமா."

"நான் சொன்னத மறந்திட்டியா?"

"இல்ல."

"சம்மந்தம் போகுமெண்டு தெரிஞ்சுதான் இறங்கினாய்."

"ஓம் மாமா."

அந்தத் துண்டைச் சாரன் மடிப்பில் முடிந்துகொண்டார். பிறகு வேலிப்பக்கம் திரும்பி, "சல்மா, ரெண்டு பேருக்குச் சோறு போடு" என்றார்.

புதுக் கியர் பெட்டி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதுவரை ஹெலிக்குக் காவல் நான்தான் என்று கொம்பனி சொல்லிவிட்டது. களவெட்டியிலேயே ஹெலிக்குக் கீழே பாய் விரித்தேன். மூன்று வேளையும் வேலியால் சாப்பாடு வந்தது. மெக்கானிக் வேலையில் இப்படிக் கொழுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சனங்கள் ஹெலியைப் பார்க்க வந்து, என்னையும் பார்த்து, வீட்டையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சில நாளில் போடியார், நிக்காஹ் ஓதி வைக்கிற லெப்பையைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"மாப்பிள களவெட்டியில படுக்கிறது முறையில்ல மகன். நிக்காஹ முடிச்சிட்டு உள்ளுக்கு வந்து படு. யன்னலால ஹெலி வடிவாத் தெரியும்."

முனவ்வறா என்னோடு முதன்முதலாகக் கதைத்தது அந்த யன்னலடியில்தான்.

"ஹெலி திரும்பப் பறக்க எவ்வளவு நாள் செல்லும்?"

"ஒரு மாசம் செல்லும்."

"இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னா என்ன," என்றாள்.