அப்டேட் வந்த காலை

அச்சகத்தில் அவளுக்குப் பெயரே சர்வரம்மாதான். அண்ணனுடைய அச்சகம். அவன் வேறு எதையோ வாங்கலாம் என்றபோது, ஒற்றைக்காலில் நின்று ஒரு போன் கம்பெனியின் சர்வர் மென்பொருளைப் போட வைத்தவள் அவள். அச்சகத்தின் மெயில் முழுவதும் அதில்தான் ஓடியது.

கம்பெனிக்கோ சர்வர் வேண்டாத பிள்ளை. அதை ஊற்றி மூடப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எழுதிக் கேட்டால், "வருங்காலத் திட்டங்களைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை" என்று பதில் வரும். இப்படி ஒரு கல்லுளிமங்கன் கம்பெனியை யார் கண்டது?

"மாத்திடலாமா? பாடப்புத்தக ஆர்டர் கையில இருக்கு. இது சொதப்புச்சுன்னா கடையை மூட வேண்டியதுதான்," என்றான் அண்ணன்.

"கொஞ்சம் பொறுண்ணா. அவங்க புது போன் வெளியிடுற விழாவுல சொல்லிடுவாங்க."

விழாவை நேரலையில் பார்த்தாள். போனின் புது ஊதா நிறத்தைப் பற்றி ஒருவர் நாத்தழுதழுக்கப் பேசினார். சர்வரைப் பற்றி மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை திரையில் அறிவிப்பு: சர்வருக்குப் புதிய அப்டேட். போன உயிர் திரும்பி வந்தது. கைகழுவுகிறவன் எதற்கு அப்டேட் அனுப்பப் போகிறான்? வேறு யாருடைய மென்பொருளாக இருந்தாலும் கூட வந்த குறிப்பை வரி விடாமல் படித்திருப்பாள். இதற்குச் சந்தோஷத்தில் பொத்தானைத் தட்டிவிட்டாள்.

கணினி அணைந்து எழுந்தது. சர்வரின் சேவைப் பட்டியலில் மெயிலைக் காணோம். குறிப்பை அப்போதுதான் திறந்தாள். மெயில் சேவை நீக்கப்பட்டது என்று முதல் வரியிலேயே இருந்தது. பழைய பதிப்பைத் தேடினாள். கம்பெனி அதையும் தன் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்துவிட்டிருந்தது. தேடல் பொத்தானையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் கையிலிருந்த அச்சு மையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தான். அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு: மாதிரிப் படியை மெயிலில் அனுப்புவார்கள்; சொன்ன நேரத்துக்குள் திருத்தம் வராவிட்டால், வாடிக்கையாளருக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

"புத்தகத்துக்குத் திருத்தம் ஏதாவது வந்துச்சா?"

"வரலை."

"அப்ப சரி. வந்திருந்தா நீ சொல்லியிருப்பேன்னு, நேரம் முடிஞ்சதுமே மெஷினை ஓட்டச் சொல்லிட்டேன்."

அவள் எழுந்து அவன் கையைப் பிடித்தாள். "நிறுத்தச் சொல்லுண்ணா. அவங்க அனுப்பியிருந்தாலும் நமக்கு வராது. மெயிலே போயிடுச்சு. நான்தான் போக்கிட்டேன்."

அண்ணன் அவளைத் திட்டவில்லை. மெஷின் அறைக்கு ஓடினான். அச்சான தாள்கள் அங்கே அவன் இடுப்பளவு ஏறியிருந்தன.