சாம்பலில் விழுந்த தடம்

போலீஸ் தாரோகா எங்கள் ஊரில் வந்து உட்கார்ந்த பிறகு சேவல் கூவி யாரும் கேட்டதில்லை. அவனும் அவன் சிப்பாய்களும் கோழி, குஞ்சு, முட்டை என்று ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. வயிறா அது, வண்ணான் தாழியா! என் தம்பி ஜித்ராயைப் பிடிக்காமல் நகர மாட்டானாம். வெள்ளைக்காரனுக்கும் ஜமீன்தாருக்கும் எதிராக வில்லெடுத்து மலையேறிய எங்கள் முண்டா ஜனங்களில் தம்பியும் ஒருவன். மலைமேல் துப்பாக்கிகள் வெடித்த அன்று தொடையில் குண்டு வாங்கிக்கொண்டு காட்டுக் குகையில் வந்து விழுந்தான். நான் சொல்லப்போகும் ராத்திரிக்கு முந்தின நாள் காலையில்கூட நான்தான் கஞ்சி கொண்டுபோய் ஊட்டினேன்.

"ஏன்க்கா, உப்பு போட மறந்துட்டியா, இல்ல இவனுக்கு இது போதும்னு விட்டுட்டியா?" என்று கேட்டான்.

இவ்வளவு வாய் பேசுகிறவன் பிழைத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

அவன் செத்துவிட்டான் என்று நம்பினால் தாரோகா கிளம்பிவிடுவான், பிறகு தம்பியை வீட்டுக்குத் தூக்கி வந்து வைத்தியம் பார்க்கலாம். எங்கள் கணக்கு அவ்வளவுதான். ஊர்த்தலைவர் சுக்ராம் போய்ச் சொன்னார்.

"காட்டுலயே செத்துட்டான் சாமி. அங்கயே புதைச்சுட்டோம்."

தாரோகா பாக்கை மென்றபடி சிரித்தான்.

"முண்டாக்களோட எத்தனை வருஷமா குப்பை கொட்டுறேன், எங்கிட்டயே கதை விடுறியா? செத்தவனோட நிழலை வீட்டுக்குள்ள கூப்பிடாம நீங்க சோறு திம்பீங்களாடா? இன்னிக்கே கூப்பிடுங்க. நானும் பாக்கறேன்."

உயிரோடு இருப்பவனை நிழலாகக் கூப்பிடுவதா? தம்பி மனைவி துல்கிதான் என் கையைப் பிடித்தாள்.

"கூப்பிடட்டும்க்கா. சும்மா கூத்துதானே. அவரு வீடு வந்து சேர்ந்தா போதும்."

பொழுது சாய்ந்ததும் அடுப்புச் சாம்பலைச் சலித்து உள்ளறைத் தரையில் பரப்பினோம். நிழல், அதாவது செத்தவனின் ஆவி, வந்துவிட்டால் அந்தச் சாம்பலில் பறவையோ விலங்கோ ஏதாவது ஒன்றின் கால்தடம் விழும். உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு, விளக்கை அணைத்து, நானும் துல்கியும் முன்னறையில் உட்கார்ந்தோம். விளக்கு அணையும் முன்பே துல்கியின் முகத்தைப் பார்த்துவிட்ட தாரோகா வாசலில் கட்டிலைப் போட்டுச் சாய்ந்திருந்தான்.

"கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. புருஷன் செத்தவ மாதிரியா இருக்கா இவ?"

சுக்ராமும் அவர் தம்பியும் கலப்பைக் கொழுக்களை ஒன்றோடொன்று தட்டியபடி வீட்டைச் சுற்றி வந்தார்கள்.

"ஜித்ராய், வாப்பா. உன் வீட்டுக்கு வா."

துல்கி முறைப்படி உள்ளிருந்து கேட்டாள். "சுகத்தைக் கொண்டு வர்றீங்களா, துக்கத்தையா?"

"சுகத்தைத்தான் கொண்டு வர்றோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவள் தொடையில் கிள்ளினேன்.

விளக்கை ஏற்றி உள்ளறைக் கதவைத் திறந்தோம். ஜித்ராய் எப்போதும் படுக்கும் இடத்தில், சாம்பலின் மேல், கோழிக்கால் தடம். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. பக்கத்தில் இன்னொரு தடம். எங்கள் ஊரிலோ ஒரு கோழியும் இல்லை.

துல்கி விளக்கை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு மார்பில் அறைந்துகொண்டு அவள் போட்ட ஓலத்தில் கொழுச் சத்தமே நின்றுபோனது. பாவி நான், உப்பில்லாத கஞ்சியைக் கொடுத்தல்லவா அனுப்பியிருக்கிறேன்.

தாரோகா எழுந்து வந்து எட்டிப் பார்த்தான்.

"ஆங், இப்பதான் ஒழுங்கா அழுறா" என்றான். "நம்பிட்டேன். மூட்டையைக் கட்டுங்கடா."